கிழங்குக்கு மூக்கு இல்லை

என் மாமனார் வீட்டில் எங்கே இருக்கிறார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. காதைக் கொடுத்தால் போதும். மூச்சு உள்ளே போகும்போது ஒரு மெல்லிய விசில், வெளியே வரும்போது அதைவிடக் கொஞ்சம் தடித்த விசில். மாடிப்படியில் அவர் கால் வைத்தால் சமையலறையில் இருக்கும் என் மாமியார் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்துவிடுவார். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. வேலை செய்யும் இடத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ‘விசில் அண்ணன்’தான். அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்படி ஒரு நெஞ்சை வைத்துக்கொண்டு மனுஷர் தேடிப் பிடித்த வேலை என்ன தெரியுமா? குளிர்கிடங்கு. மூட்டை தூக்கப் போனவர் படிப்படியாக அந்தக் கிடங்குக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டார். கொளுத்துகிற வெயிலில் தெருவே பனியனோடு விசிறிக்கொண்டிருக்கும்போது இவர் மட்டும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். புதிதாகக் குடிவந்தவர்கள் ‘பாவம், கொஞ்சம் மறை கழண்டவர் போல’ என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். டாக்டர் வேலையை விடச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார். “குளிர் என்னைப் பாத்துக்கும், நான் குளிரைப் பாத்துக்கறேன்” என்பது மாமாவின் பதில். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தக் கிடங்கில் விதைக்கிழங்கு மட்டும்தான் வைப்பார்கள். அறுவடை முடிந்ததும் சுற்றுவட்டார விவசாயிகள் அடுத்த நடவுக்கான உருளைக்கிழங்கை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். தடிமனான கதவு, ஜன்னல் இல்லாத சுவர், கூரை வரைக்கும் மரச்சட்டங்களில் அடுக்கடுக்காகச் சாக்கு மூட்டைகள். உள்ளே போனால் ஈரச் சாக்கும் மண்ணும் கலந்த ஒரு வாசனை. சுவரின் உச்சியில் ஒரு சின்ன இரும்புக் கதவு இருக்கும். அதைக் காற்றுக் கதவு என்பார்கள். தினமும் காலையில் மாமா தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, ஒரு நீளக் கழியால் அந்தக் கதவைத் தள்ளித் திறந்து, மின்விசிறியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூடுவார். எதற்கு என்று கேட்டால், “வீட்டுல காலைல வாசலைத் தெறக்கறது இல்லையா, அது மாதிரி. உள்ள இருக்கற நாத்தம் போகணும்ல” என்பார். அவருக்கு முன்னால் இருந்தவர் அப்படிச் செய்தார், இவரும் செய்தார். அவ்வளவுதான்.

அவருடைய ஒரே பக்தி குளிர்மேல்தான். கிடங்கின் உயிர், விவசாயியின் உயிர், எல்லாமே அந்தத் தெர்மாமீட்டரில் இருப்பதாக அவர் நம்பினார். அதில் தப்பும் இல்லை. குளிர் போனால் கிழங்கு முளைவிட்டுச் சுருங்கிவிடும். இங்கே விதைக்கிழங்கை யாரும் துண்டு போட்டு நட மாட்டார்கள். வெட்டினால் மண்ணில் அழுகிவிடும் என்று பயம். கோழிமுட்டை அளவுக் கிழங்காகப் பார்த்துப் பொறுக்கி, முழுசாக ஊன்றிவிடுவார்கள். ஆகவே நட்டு முடிக்கிற வரைக்கும் கிழங்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். இதை மட்டும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிடங்கில் மூட்டை வைத்திருந்தவர்களில் ஒருவர் மாமாவின் அக்கா. என் கணவருக்கு அத்தை. வீட்டில் நாங்கள் எல்லோரும் பெரியத்தை என்போம். தம்பிக்காரர் அக்காவின் மூட்டைகளுக்குக் கிடங்கிலேயே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்திருந்தார். கதவிலிருந்து தள்ளி, கடைசி மூலையில், எல்லாவற்றுக்கும் கீழ் அடுக்கு. குளிர் அதிகம் நிற்கிற இடம் அதுதான். “அக்கான்னா சும்மாவா” என்று மாமியார்கூடக் கிண்டல் செய்வார்.

பிறகுதான் அந்தப் புயல் வந்தது.

மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. ஊரே இருட்டு. கிடங்கின் ஜெனரேட்டருக்குள் மழைத்தண்ணீர் புகுந்து அது முதல் நாளே கையை விரித்துவிட்டது. மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டால் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மாமா வீட்டுக்கு வரவில்லை. கிடங்கு வாசலிலேயே ஒரு பெஞ்சைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கதவிடுக்குகளில் ஈரச் சாக்கை அடைத்தார். காற்றுக் கதவில் ஒரு பழைய மெத்தையையே சுருட்டித் திணித்தார். எறும்பு நுழைய இடமில்லை.

நான் சாப்பாடு கொண்டுபோன ஒரு மத்தியானம் கம்ப்ரசர் மெக்கானிக்கும் அங்கே இருந்தார். அவர் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

“அண்ணே, தெனமும் மேல் கதவைத் தெறப்பீங்களே. இத்தனை நாளா அடைஞ்சே கெடக்கு. ஒரு தடவை தெறந்து மூடிடுவோமா?”

“தெறந்தா இருக்கற குளிரும் ஓடிடும்யா. அப்புறம் நீ ஊதி ஊதிக் குளிர் பண்ணுவியா?”

“இல்ல, காத்து…”

“காத்து உனக்கும் எனக்கும்தான்யா வேணும். கிழங்குக்கு என்ன மூக்கா இருக்கு, மூச்சு முட்டிச் சாக?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மூச்சு முட்டுவதைப் பற்றி ஊரிலேயே அவரைவிட யாருக்கு அதிகம் தெரியும்? உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிறவள் நான். ஆனால் கையில் தூக்குச் சட்டியும் காலில் சேறுமாக நிற்கும்போது பாடம் யாருக்கு நினைவுக்கு வருகிறது.

மின்சாரம் வந்த அன்று விவசாயிகள் எல்லோரும் கிடங்கு வாசலில் கூடிவிட்டார்கள். மாமா சாக்கை உருவி, கதவைத் திறந்து, தெர்மாமீட்டரைப் பார்க்க முதல் ஆளாக உள்ளே போனார். போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை சுற்றி, நெஞ்சு அடைத்து, இரண்டு பேர் தாங்கி வெளியே கொண்டுவந்தார்கள். இன்ஹேலரை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகுதான் பேச்சே வந்தது. “ஏறல. குளிர் பெருசா ஏறவே இல்ல” என்றார். குளிர் ஏறவில்லை என்றால் வெப்பம் ஏறவில்லை என்று அர்த்தம். அந்த மகிழ்ச்சியில் யாரும் அவருடைய வார்த்தையைத் திருத்தவில்லை. மூச்சு முட்டியும் முதல் வார்த்தையாகக் கிழங்கின் குளிரைப் பற்றிச் சொன்ன மனுஷரை அவர்கள் நிஜமாகவே தோளில் தூக்கிவிட்டார்கள். பக்கத்துக் கிடங்குகளில் எல்லாம் கிழங்கு முளைத்து நாறிக்கொண்டிருந்தபோது இங்கே மட்டும் தோல் சுருங்காமல், கல் மாதிரி இருந்தது. விவசாயிகள் சங்கத்தில் கூட்டம் போட்டு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டு டி.வி.க்கு மேல் ஏறி உட்கார்ந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மாமியார் அதை முந்தானையால் துடைத்துக் காட்டினார்.

மாமாவை அப்படி நான் பார்த்ததே இல்லை. இழுப்பு இருந்தது, ஆனால் அந்த விசிலிலேயே ஒரு பாட்டு இருந்தது.

நடவுக் காலம் நெருங்கியது. கிடங்கைக் கூட்டும்போது மூட்டையிலிருந்து சிந்திக் கிடக்கும் கிழங்கை மாமா வீட்டுக்குக் கொண்டுவருவது வழக்கம். அந்த வருஷமும் ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். நான்தான் நறுக்க உட்கார்ந்தேன். கழுவிய கிழங்கு, தோலில் ஒரு வடு இல்லை. கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்தேன். நட்டநடுவில் மை ஊற்றியதுபோல் கறுப்பு. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் கறுப்பு. அடுத்தது நன்றாக இருந்தது. அதற்கடுத்தது மறுபடி கறுப்பு.

மாமியார் எட்டிப் பார்த்து, “அத்திப்பழத்தைப் புட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தைன்னு சும்மாவா சொன்னாங்க. தூக்கிப் போடு” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அது வீணான கிழங்கு, அவ்வளவே. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாமா அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டார். கிட்டே வந்து ஒரு துண்டை எடுத்து, கட்டைவிரலால் அந்தக் கறுப்பைத் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்கம் குப்பைத்தொட்டியில் போட்டார். போட்டதோடு விடவில்லை, மேலே இரண்டு வாழைப்பழத் தோலையும் இழுத்து மூடினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் கண்ணாலேயே பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். எதிரில் வந்து உட்கார்ந்தார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்; பாதி கேலி, பாதி மரியாதை.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

“கேளுங்க மாமா.”

“கிழங்கு மூச்சு விடுமா?”

“விடாது.”

“அப்பாடா” என்று நாற்காலியில் சாய்ந்தார். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாத்தியார் வாய் சும்மா இருக்குமா? அன்றைக்குப் பார்த்து நான் திருத்திக்கொண்டிருந்ததும் அதே கேள்விதான். ஒவ்வொரு வருஷமும் பாதி வகுப்பு மூச்சு விடுவதும் சுவாசமும் ஒன்றுதான் என்று எழுதும், நான் சிவப்பு மையால் கோடு போடுவேன்.

“மூச்சு விடறது வேற மாமா. அது நெஞ்சு பண்ற வேலை. காத்தை உள்ள இழுக்குது, வெளிய தள்ளுது. அது வாசல்ல சரக்கு எறக்கற மாதிரி. அதோட வேலை முடிஞ்சிடாது. அந்தக் காத்துல இருக்கற ஆக்சிஜன் ரத்தத்துல ஏறி, உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் போகுது. அங்கதான் நாம சாப்பிட்ட சத்தை அது எரிச்சு சக்தி ஆக்குது. அடுப்பு அங்க எரியுது. உயிரோட இருக்கறது எல்லாத்துக்கும் அந்த அடுப்பு உண்டு.”

“கிழங்குக்கும்?”

“கிழங்குக்கும். செடிலேருந்து பிடுங்கினாலும் அது உயிரோடதானே இருக்கு? இல்லேன்னா அடுத்த வருஷம் எப்படி முளைக்கும்? உள்ள இருக்கற மாவை அது கொஞ்சம் கொஞ்சமா எரிச்சிக்கிட்டே இருக்கும். அதுக்கு ஆக்சிஜன் வேணும்.”

“மூக்கு இல்லாம எப்படி டீச்சர் எடுக்கும்?”

“தோல்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. அது வழியா தானா உள்ள கசியும். நம்மள மாதிரி இழுத்து வாங்க அதுக்குத் தெரியாது. வெளிய இருந்தா கெடைக்கும். இல்லேன்னா இல்ல.”

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

“குளிர்ல வெச்சா அந்த அடுப்பு அணைஞ்சிடாதா?”

“தணியும். அணையாது. அணைஞ்சா கிழங்கு செத்துடும். நீங்க இத்தனை வருஷமா பண்றது அதுதான் மாமா, அடுப்பைத் தணிச்சு வெக்கறது.”

“அப்ப… காத்து சுத்தமா இல்லேன்னா?”

“தோலுக்குப் பக்கத்துல இருக்கற செல்லு கெடைச்சதை எடுத்துக்கும். நடுவுல இருக்கறதுக்குப் போய்ச் சேராது. அதான் நடு மட்டும் கறுத்துப் போகுது.”

அவருடைய விசில் நின்றுவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார் போல. பிறகு ஒரேயடியாக விட்டார்.

“நான் முட்டினா நாலு வீட்டுக்குக் கேக்குது. எழுந்து உக்காரறேன், இருமறேன், கத்தறேன், யாராவது ஓடி வராங்க. அது ஒரு சத்தமும் போடலியே டீச்சர். நான் வாசல்லதான் உக்காந்திருந்தேன். ஒரு சத்தம் போடலியே.”

“சத்தம் போட நெஞ்சு வேணுமே மாமா.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. அவர் முகம் சிறுத்துவிட்டது. பேச்சை மாற்றலாம் என்று, அன்றைக்குக் கதவைத் திறந்ததும் அவருக்குத் தலை சுற்றியது இழுப்பால் இல்லை, அந்த அறையில் இருந்த ஆக்சிஜனைக் கிழங்கு எல்லாம் எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விட்டிருந்ததால்தான், இன்னும் நாலு எட்டு உள்ளே வைத்திருந்தால் ஆளையே தூக்கியிருக்கும் என்றேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. அவர் கேட்டது வேறு.

“நட்டா முளைக்குமா?”

“சிலது முளைக்கலாம். நடு செத்துப் போனது மண்ணுல போட்டா அழுகத்தான் செய்யும்.”

“யார்கிட்டயும் சொல்லிடாதம்மா” என்றார். அதுவரை என்னை அவர் ‘அம்மா’ போட்டுக் கெஞ்சியதில்லை.

“நீங்க சொல்லித்தான் ஆகணும் மாமா. நடவு ஆரம்பிச்சிடுச்சு.”

“சொல்றேன். அக்கா வந்து போகட்டும். அக்கா வந்து போன கையோட சொல்லிடறேன்.”

அடுத்த நாள் கிடங்கில் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றிரண்டு எடுத்து வெட்டிப் பார்த்திருக்கிறார். மேல் அடுக்குகள் பெரும்பாலும் தப்பித்திருந்தன. கரியமில வாயு கனம், கீழேதான் தேங்கும்; அதனால் கீழே போகப்போகக் கறுப்பு. கடைசி மூலை, எல்லாவற்றுக்கும் கீழ், நல்ல இடம் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாரே, அங்கேதான் எல்லாவற்றையும்விட மோசம். எந்த மூட்டையில் எத்தனை என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. வெட்டினால்தான் தெரியும். வெட்டிவிட்டால் நட முடியாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு நோயாளி வளைய வந்தார். சோற்றில் கை வைத்தால் கை அப்படியே நிற்கும். இரவில் தூக்கமில்லை. யாராவது வாசலில் செருப்புச் சத்தம் எழுப்பினால் எழுந்து உள்ளே போய்விடுவார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொல்வதில்லை. இவர் நெஞ்சு குறுகுறுத்ததோடு நிற்காமல் விசிலும் அடித்தது. கிடங்குக்கு விவசாயிகள் தினமும் வந்துகொண்டிருந்தார்கள். மூட்டையை வாங்கிக்கொண்டு, “உங்க புண்ணியம் விசில் அண்ணே” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வாயைத் திறக்கவில்லை. நான் கேட்டால், “நாளைக்கு” என்றார். “நீங்க சொல்லலேன்னா நான் சொல்லிடுவேன்” என்று மிரட்டினேன். “அக்கா வரட்டும்” என்றார். அந்த அக்கா ஒரு சாக்கு என்று எனக்குப் புரிந்தது. என்ன சாக்கு என்று மட்டும் புரியவில்லை.

பெரியத்தை வந்த அன்று எனக்கு விடுமுறை. அவர் வந்த வேனுக்குப் பின்னாலேயே நானும் ஸ்கூட்டரில் கிடங்குக்குப் போனேன். எழுபதைத் தாண்டியும் நேராக நடக்கிற பெண்மணி. யாரையும் அதட்டாமல் பேசத் தெரியாது. கிடங்கு வாசலில் அவருடைய மூட்டைகள் ஏற்கனவே வெளியே வந்து தயாராக நின்றன. வழக்கத்தைவிட நன்றாகக் கட்டப்பட்டிருந்தன. மாமா ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

பெரியத்தை ஒரு மூட்டையின் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

“இது யாரோடதுடா?”

“உன்னோடதுதான்கா.”

“நான் வரப்புல உக்காந்து ஒவ்வொண்ணாப் பொறுக்கினது. என் கிழங்குக்கு முளைக்கண்ணு இவ்வளவு ஆழமா இருக்காது. சாக்கு என்னோடது. உள்ள இருக்கறது யாரோடது?”

மாமா அவிழ்ந்த கயிற்றை எடுத்து மூட்டையைத் திரும்பக் கட்டப் போனார்.

“வித்துட்டியா?”

அந்தக் கேள்வியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். இழுப்பும் அழுகையும் சேர்ந்து, பாதி புரிந்தது பாதி புரியவில்லை. காற்றுக் கதவை அடைத்தது, மெத்தை, கறுப்பு, எல்லாம் வந்தது. புயல் தொடாத வெளியூர்க் கிடங்கு ஒன்றில் இருக்கும் நண்பரிடம் கெஞ்சிக் கூத்தாடி நல்ல விதைக்கிழங்கு வாங்கி, யாருக்கும் தெரியாமல் அக்காவின் சாக்கில் மாற்றிப் போட்டிருக்கிறார். அக்காவுடைய கிழங்கு பின்பக்கக் குழியில் கிடந்தது. எனக்கே அப்போதுதான் தெரியும்.

நான் பெரியத்தையின் முகத்தைப் பார்த்தேன். வருஷக்கணக்காகக் காப்பாற்றி வந்த சொந்த விதை. இடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையிலிருந்த கிழங்கை மூட்டைக்குள் திரும்பப் போட்டார்.

“உள்ள இருந்தது எல்லாமே அப்படித்தானா? என்னோடது மட்டுமா?”

“கீழ் அடுக்கு முக்காவாசி.”

“அவங்கல்லாம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்களா?”

“பாதிப் பேர்.”

“சொன்னியா?”

மாமா இல்லை என்று தலையாட்டினார்.

“எனக்கு மட்டும் மாத்தி வெச்சிருக்க.”

“நீ என் அக்கா…”

“ஆமாடா, அக்காதான். அதனாலதான் கேக்கறேன். கதவை அடைச்சது தெரியாமப் பண்ணது. அதுக்கு உன்ன யாரு என்ன சொல்லப் போறாங்க? இது தெரிஞ்சு பண்ணது. ஊரெல்லாம் கறுப்பை நட்டுட்டு இருக்கட்டும், நான் மட்டும் பச்சையா முளைக்க வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்க பக்கத்துல என் மோட்டாரைப் போடுவேன்?” வேன் டிரைவரைப் பார்த்து, “ஏத்தாதப்பா, வெச்சிடு” என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். “உன் ஸ்கூட்டர் எங்க? இவனை ஏத்திக்கோ. ஒருத்தரையும் விடாம சொல்லிட்டு வந்தாத்தான் இவன் எனக்குத் தம்பி.”

ஸ்கூட்டரில் மாமா எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். வழி நெடுக அவர் மூச்சு என் காதருகே அடித்துக்கொண்டே வந்தது. “மெதுவாப் போம்மா” என்றார். நான் மெதுவாகத்தான் போனேன். அவருக்கு அதுவே வேகமாக இருந்தது.

முதல் வீட்டில் இன்னும் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. விஷயத்தைச் சொன்னதும் அந்த மனுஷர் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடின. ‘விசில் ஊதத்தான் லாயக்கு, உன்னை நம்பினேன் பார், என்னைச் சொல்லணும்’ என்று ஆரம்பித்து, கேடயம் கொடுத்த சங்கத் தலைவர் வரைக்கும் போனார். மாமா கையைக் கட்டிக்கொண்டு முழுசாகக் கேட்டுக்கொண்டார். வெயிலில் அலைந்தவர் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது அவர் நின்ற விதம். திட்டு நின்றதும், இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தடுத்த வீடுகளிலும் அப்படித்தான். சிலர் திட்டினார்கள். ஒருவர் சிரித்தேவிட்டார். ஓர் அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் யாரும் நட்டிருக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுகூட நினைத்தேன்.

கடைசியாகப் போனது ஒற்றை மரத்துக்காரர் வயலுக்கு. நடுவில் ஒரே ஒரு மரம் நிற்கும் வயல் என்பதால் அந்தப் பெயர். சின்ன வயதுக்காரர். சொந்தமாக நடுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. நாங்கள் போனபோது கிழங்கு ஊன்றிய பார், அதாவது நீள மண்மேடுகள், எல்லாம் மண் அணைத்து முடிந்திருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மனைவி மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

மாமாவைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். “வாங்கண்ணே, வாங்க. நேத்துதான் முடிச்சோம். நீங்க இல்லேன்னா இந்த வருஷம் தரிசுதான்” என்று மாமாவின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். மாமா கையை உருவிக்கொண்டார். பாரின் ஓரத்தில் அப்படியே மண்டி போட்டு, விரலால் மண்ணைத் தோண்டி, ஒரு கிழங்கை எடுத்தார். சட்டையில் துடைத்தார். பாக்கெட்டிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து வெட்டி, இரண்டு துண்டையும் அவர் முன்னால் நீட்டினார். அதுவும் நல்ல கிழங்காக இருந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். நடுவில் கறுப்பு.

மாமா எல்லாவற்றையும் சொன்னார். இத்தனை வீடுகளில் சொல்லிச் சொல்லி அவருக்கு அது சுருக்கமாகச் சொல்ல வந்துவிட்டது. வெளியூர்க் கிடங்குக்காரரிடம் கேட்டு ஏதாவது விதை வாங்கித் தருவதாகவும் சொன்னார்.

ஒற்றை மரத்துக்காரர் திட்டவில்லை. துண்டுகளை வாங்கிப் பார்த்தார். “நாமளே பாத்து அடைச்சதுதானேண்ணே. நானும்தான் அன்னைக்குச் சாக்கு எடுத்துக் குடுத்தேன். யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு?” என்றார். மாமா நிமிர்ந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

“உங்களுக்கு எப்பண்ணே தெரியும்?”

மாமாவுக்கு இழுப்பு மேலே ஏறியது. நான் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“நீ மூட்டை எடுக்க வந்த அன்னைக்கு” என்றார். “அதுக்கு முந்தியே தெரியும்.”

அவர் கையிலிருந்த துண்டுகளைக் கீழே போட்டார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பி, “மோட்டாரை நிறுத்து” என்று மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். தண்ணீர் நின்றது. அந்தப் பக்கத்திலிருந்து அவர் மண்ணைப் பறித்து, நட்ட கிழங்கை வெளியே எடுக்க ஆரம்பித்தார். இந்தப் பக்கத்திலிருந்து மாமா பறித்தார். வரிசை முடிகிற வரைக்கும் அவர் மாமாவை ஏறிட்டுப் பார்க்கவே இல்லை.